காமர்ஸ் படிக்காதவர்கள் சென்னையில் ஃபைனான்ஸ் வேலைக்குப் போவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பத்து வருடத்துக்கு முன்னால் நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் இன்ஜினியர். இப்போது ஒரு கடன் நிறுவனத்தில் கிரெடிட் பிரிவில், அதாவது யாருக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்று பார்க்கும் இடத்தில் வேலை. நடுவில் ஒன்றரை வருடம் சும்மா போயிற்று. ஃபைனான்ஸ் என்றாலே மும்பை, ஷேர் மார்க்கெட், கோட்டு போட்ட ஆட்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததுதான் காரணம். அந்த ஒன்றரை வருடம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை விரிவாகவே எழுதுகிறேன். பி.இ., பி.எஸ்சி., ஆங்கில இலக்கியம், நர்சிங் என எது படித்திருந்தாலும் சரி.

முதலில் ஊரைப் பாருங்கள்

சென்னை பங்குச் சந்தை ஊர் கிடையாது. இரண்டாவது கடற்கரைச் சாலையில் இருந்த மெட்ராஸ் ஸ்டாக் எக்ஸ்சேஞ்சே 2015-இல், பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபியின் அனுமதியோடு தொழிலை விட்டு வெளியேறிவிட்டது. இது கடன் கொடுக்கிற ஊர். லாரிக்கும் டிராக்டருக்கும் கடன் கொடுத்தே வளர்ந்த நிறுவனங்கள் இங்கே தலைமையகம் வைத்திருக்கின்றன. சுந்தரம் ஃபைனான்ஸ் 1954-இல் தொடங்கியது, சோழமண்டலம் 1978-இல். ஸ்ரீராம் ஃபைனான்ஸ், ஈக்விடாஸ், ஃபைவ் ஸ்டார் எல்லாம் இந்த ஊர்தான். இந்தியன் வங்கி (1907), இந்தியன் ஓவர்சீஸ் வங்கி (1937) இரண்டுக்கும் தலைமையகம் இங்கேதான். இன்சூரன்ஸ் பக்கம் போனால் யுனைடெட் இந்தியா, ஸ்டார் ஹெல்த்.

இதற்கு அடுத்து இன்னொரு சென்னை இருக்கிறது. வெளிநாட்டு வங்கிகளின் பின்னலுவலகச் சென்னை (பேக் ஆபீஸ், வாடிக்கையாளர் கண்ணில் படாமல் கணக்கு வேலை நடக்கும் இடம்). தரமணியில் உலக வங்கியின் பெரிய அலுவலகம் இருக்கிறது. ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு, சிட்டி, பார்க்லேஸ், பி.என்.ஒய். எல்லாம் ஆயிரக்கணக்கில் ஆள் வைத்து வேலை வாங்குகின்றன. மியூச்சுவல் ஃபண்டு கணக்குகளைப் பராமரிக்கும் கேம்ஸ் நிறுவனமும் சென்னையில்தான் பிறந்தது.

ஆக, நம் ஊரில் திறந்திருக்கும் வாசல்கள் மூன்று: கடன், இன்சூரன்ஸ், பின்னலுவலகம். பங்கு ஆய்வாளராகவோ கம்பெனி வாங்கி விற்கும் டீல்களைச் செய்பவராகவோ ஆக வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு, ஆனால் அது முதல் வேலையாக அமைவது அபூர்வம். முதலில் உள்ளே வாருங்கள். உள்ளேயிருந்து இடம் மாறுவது எளிது.

உங்கள் பழைய படிப்பைத் தூக்கிப் போடாதீர்கள்

எல்லோரும் செய்யும் தவறு இது. பழைய வேலையை மறைத்துவிட்டு, அரைகுறை பி.காம். மாணவர் மாதிரி போய் நிற்பது. நிஜ பி.காம். மாணவர்கள் வாசலில் வரிசையில் நிற்கிறார்கள். அவர்களோடு அவர்கள் பாடத்தில் போட்டி போட்டால் நமக்குக் கடைசி இடம்தான். அவர்களுக்குத் தெரியாத எது உங்களுக்குத் தெரியும் என்று பாருங்கள்.

என் கதையைச் சொல்கிறேன். கிரெடிட்டில் சேர்ந்த இரண்டாவது மாதம் அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறைக்கு அனுப்பினார்கள். ஓனர் இன்னொரு சி.என்.சி. மெஷின் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் கடைசல் மெஷின்) வாங்க 25 லட்சம் கேட்டிருந்தார். "மாசம் ஒன்பது லட்சம் டர்ன்ஓவர் சார்" என்றார். கூட வந்த சீனியர் பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். நான் மெஷின் பக்கம் போனேன். மொத்தம் மூன்று மெஷின். ஜாப் ஒர்க் ரேட் (அடுத்த கம்பெனிக்கு வேலை செய்து கொடுக்கும் கூலி) கேட்டேன், மணிக்கு 400 என்றார். இரண்டு ஷிஃப்ட், ஒரு ஷிஃப்ட்டுக்கு எட்டு மணி, மாதம் 25 நாள், ஒரு நிமிடம்கூட நிற்காமல் ஓடினாலும் ஒரு மெஷினுக்கு 1,60,000. மூன்றுக்கும் சேர்த்து 4,80,000. மீதி நாலு லட்சம் எங்கிருந்து வருகிறது? ஈ.பி. பில் கேட்டேன். யூனிட்டைப் பார்த்தால் ஒரு ஷிஃப்ட் ஓடுவதற்கே சந்தேகம். அப்புறம்தான் மனிதர் உண்மையைச் சொன்னார்: பாதி வேலையை வெளியே கொடுத்து வாங்கி பில் போடுகிறார், அதில் அவருக்கு நிற்பது கொஞ்சம்தான். கடன் கொடுத்தோம், 25 அல்ல, 14 லட்சம். திரும்பி வரும்போது சீனியர் பைக்கை ஓட்டிக்கொண்டே, "இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார். கடன் விஷயத்தில் நான் எதையும் கற்றிருக்கவில்லை. மெஷின் தெரியும், அவ்வளவுதான்.

இப்படித்தான் ஒவ்வொருவருக்கும் ஒரு இடம் இருக்கிறது. நர்சிங், பி.ஃபார்ம், பல் மருத்துவம் படித்தவர்களை மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்கள் கிளெய்ம் பிரிவுக்கு எடுக்கின்றன. டிஸ்சார்ஜ் சம்மரியைப் படித்து, இந்த நோய்க்கு ஐந்து நாள் அட்மிஷன் தேவையா என்று சொல்ல அவர்களால்தான் முடியும். கணிதம், புள்ளியியல் என்றால் ரிஸ்க் அனலிட்டிக்ஸ், அதாவது யார் கடனைக் கட்டாமல் போகக்கூடும் என்று எண்களை வைத்துக் கணிப்பது. இலக்கியம், வரலாறு படித்தவர்கள் சிரிக்கக்கூடாது, பணமோசடித் தடுப்புப் பிரிவுகளுக்கு உங்களைப் போன்றவர்கள் வேண்டும். சந்தேகத்துக்குரிய ஒரு கணக்கைத் துருவி, யார் யாருக்கு ஏன் பணம் அனுப்பினார்கள் என்று கோர்வையாக ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுத வேண்டும். பி.காம். படித்தவர்களில் பலர் திணறும் இடம் அது. வேளாண்மைப் பட்டதாரிகளுக்கு அரசு வங்கிகளில் வேளாண் கள அலுவலர் என்று தனிப் பதவியே உண்டு. ஐ.டி.யில் இருப்பவர்கள் வங்கி மென்பொருள் புராஜெக்ட்டுக்கு மாறிக்கொண்டு, அங்கிருந்து பிசினஸ் அனலிஸ்ட் (வங்கிக்கு என்ன தேவை என்று மென்பொருள் ஆட்களுக்கு எடுத்துச் சொல்பவர்) ஆவது நான் பார்த்ததிலேயே வலி குறைந்த வழி.

ஒரு தாளில் இரண்டு வரி எழுதுங்கள்: எனக்கு என்ன தெரியும், அது எந்தக் கடன் அல்லது எந்தக் கிளெய்மில் உதவும். இந்த இரண்டு வரி வராமல் எந்தக் கோர்ஸுக்கும் பணம் கட்டாதீர்கள்.

கணக்கு: பதினோராம் வகுப்புப் புத்தகம் போதும்

தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் 11-ஆம் வகுப்பு கணக்குப்பதிவியல் புத்தகத்தை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தாளில் படித்தால்தான் ஏறும் என்பவர்களுக்குப் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. இரட்டைப் பதிவு, குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு, வங்கிச் சரிக்கட்டும் பட்டியல், தேய்மானம், இறுதிக் கணக்குகள். இந்த வரிசையிலேயே போங்கள். வேலைக்குப் போகிறவர் என்றால் தினம் ஒரு மணி நேரம், இரண்டு மாதம் ஆகும். கணக்கைக் கையால் போட வேண்டும், வாசித்தால் மட்டும் ஒட்டாது. வங்கிச் சரிக்கட்டும் பட்டியலை, அதாவது நம் ரொக்கக் கணக்கையும் வங்கிக் கணக்கையும் ஒப்பிட்டு வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதை, குறிப்பாகத் திரும்பத் திரும்பப் போடுங்கள். பெரிய வங்கிகளின் பின்னலுவலகத்தில் ரிகன்சிலியேஷன் என்ற பெயரில் நூற்றுக்கணக்கான பேர் செய்வது அதன் அண்ணனைத்தான். பிறகு 12-ஆம் வகுப்புப் புத்தகத்தில் விகிதப் பகுப்பாய்வு மட்டும்.

லாபமும் ரொக்கமும் வேறு வேறு என்பது மண்டையில் ஏறிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மயிலாப்பூரில் ஒரு அக்கா கேட்டரிங் நடத்துகிறார் என்று வையுங்கள். இந்த மாதம் மளிகை, காய்கறி 60,000, ஆள் சம்பளம் 20,000, இரண்டும் ரொக்கம். ஒரு கம்பெனிக்குச் சாப்பாடு போட்டு ஒரு லட்சத்துக்கு பில் கொடுத்துவிட்டார், பணம் 45 நாள் கழித்து வரும். லாப நட்டக் கணக்கில் 20,000 லாபம். கையில் இருந்து போனதோ 80,000. இருப்புநிலைக் குறிப்பில் அந்த ஒரு லட்சம் 'வரவேண்டியது' என்று சொத்துப் பக்கம் உட்கார்ந்திருக்கும். அடுத்த மாத மளிகைக்கு அக்காவிடம் பணமில்லை, கடன் கேட்டு நம்மிடம் வருகிறார். நிஜத்தில் நடைமுறை மூலதனக் கடன் என்பது இந்த 45 நாளின் கதைதான். இதே கண்ணோடு பட்டியலிடப்பட்ட ஏதாவது ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையை எடுத்துப் பாருங்கள். எல்லா நிறுவனங்களும் தங்கள் இணையதளத்தில் போட்டிருக்கின்றன. உங்களுக்குத் தெரிந்த துறையாக எடுங்கள், நான் உதிரிபாகக் கம்பெனி ஒன்றை எடுத்தேன்.

வட்டி: என்னைத் தோற்கடித்த கேள்வி

என் முதல் நேர்முகத் தேர்வு. எதிரில் இருந்தவர் ஐம்பது வயதுக்காரர், சட்டைப் பையில் இரண்டு பேனா. "ஒரு லட்சம் லோன், மூணு வருஷம், ஃபிளாட் வட்டி 12 பர்சென்ட். நிஜ வட்டி எவ்வளவு தம்பி?" என்றார். "12 பர்சென்ட் சார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு தாளை என் பக்கம் தள்ளினார்.

கணக்கு இதுதான். ஃபிளாட் என்றால் மூன்று வருடமும் முழு ஒரு லட்சத்துக்கு வட்டி: 36,000. மொத்தம் 1,36,000, மாதத் தவணை 3,778. ஆனால் நாம் மாதாமாதம் அசலையும் கட்டிக்கொண்டே வருகிறோம். கடைசி வருடத்தில் நம் கையில் அந்த ஒரு லட்சம் கிடையாது, வட்டி மட்டும் முழுத் தொகைக்கு ஓடுகிறது. குறையும் நிலுவைக்குக் கணக்குப் போட்டால் இந்த வட்டி சுமார் 21.2 சதவீதம். அதே 12 சதவீதம் குறையும் நிலுவையில் என்றால் தவணை 3,321 மட்டுமே, மொத்த வட்டி இருபதாயிரத்துக்கும் கீழே. எக்செல்லில் ரேட் (RATE), பி.எம்.டி. (PMT) என்ற இரண்டு ஃபங்ஷன்கள் இதை ஒரு நொடியில் சொல்லிவிடும். இந்தக் குழப்பம் சாதாரண மக்களுக்கும் இருப்பதால்தான், 2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன்களுக்கும் சிறு தொழில் கடன்களுக்கும் எல்லாச் செலவும் சேர்ந்த ஆண்டு வட்டி விகிதத்தை ஒரே தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது.

அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. கேள்வி கிடைத்தது.

கூடவே கடன் உலகத்தின் பேச்சு மொழியையும் பிடித்துக்கொள்ளுங்கள். தவணைத் தேதி தாண்டி எத்தனை நாள் ஆனது என்பதை டி.பி.டி. என்பார்கள். 30, 60, 90 என்று பக்கெட் பிரிப்பார்கள். 90 நாளைத் தாண்டினால் வாராக் கடன். வண்டி விலையில் எவ்வளவு பங்கு கடன் என்பது எல்.டி.வி., சம்பளத்தில் எவ்வளவு பங்கு தவணைக்குப் போகிறது என்பது ஃபாய்ர். அப்புறம் லாகின் (விண்ணப்பம் பதிவாவது), சேங்ஷன் (ஒப்புதல்), டிஸ்பர்ஸ்மென்ட் (கடன் பணம் கொடுப்பது), பவுன்ஸ் (தவணை வங்கியில் திரும்புவது). நேர்முகத் தேர்வில் இந்த வார்த்தைகள் சரியான இடத்தில் வந்து விழுந்தால், எதிரில் இருப்பவர் நாற்காலியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்காருவார்.

எக்செல்

சொல்லவே தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன். லுக்கப், பிவட் டேபிள், சம்இஃப்ஸ், தேதிக் கணக்கு. வீட்டுக் கடன் தவணை அட்டவணையை வெறும் ஷீட்டிலிருந்து நீங்களே கட்டத் தெரிந்தால் போதும். பலர் இதிலேயே ஆறு மாதம் உட்கார்ந்துவிடுகிறார்கள், வேண்டாம்.

சான்றிதழ்கள்: எது வேண்டும், எது வேண்டாம்

இங்கேதான் காசு போகும். எனக்கு 48,000 ரூபாய் போயிற்று. 'இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங், நூறு சதவீத வேலை உறுதி' என்று போர்டு போட்ட ஒரு பயிற்சி நிலையம். மூன்று மாதம் வார இறுதிகளில் ஸ்லைடு ஓட்டினார்கள். கடைசியில் வேலை என்று அனுப்பியது ஒரு இன்சூரன்ஸ் விற்பனை வாக்-இன்னுக்கு. அதற்கு என் அம்மாவின் பக்கத்து வீட்டுக்காரரே அனுப்பியிருப்பார். அந்தப் பெயரில் விற்கப்படும் பல கோர்ஸ்கள் சொல்லித் தருவது டிரேடு செட்டில்மென்ட் (பங்கு வாங்கி விற்றதற்குக் கணக்குத் தீர்ப்பது), கே.ஒய்.சி. (வாடிக்கையாளர் யார் என்று சரிபார்ப்பது) போன்ற ஆபரேஷன்ஸ் வேலைகளைத்தான். அவை நல்ல வேலைகள். ஆனால் சேர்ந்தபின் நிறுவனமே சொல்லித் தரும் விஷயத்துக்கு அரை லட்சம் ஏன்? பணம் கட்டும் முன் ஒன்று கேளுங்கள்: போன பேட்ச்சில் சேர்ந்தவர்கள் எந்த நிறுவனத்தில், எந்தப் பதவியில்? பதில் மழுப்பலாக இருந்தால் பஸ் ஏறிவிடுங்கள்.

குறைந்த செலவில் உண்மையான மதிப்புள்ளது என்.ஐ.எஸ்.எம். தேர்வுகள். பங்குச் சந்தைப் படிப்புக்காக செபி நிறுவிய அமைப்பு அது. மியூச்சுவல் ஃபண்டு விநியோகஸ்தர்களுக்கான 5-ஏ தேர்வுக்கு 100 கேள்வி, 2 மணி நேரம், 50 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி, தவறுக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை, சான்றிதழ் 3 வருடம் செல்லும். பாடப் புத்தகத்தை அவர்கள் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். வேறு துறைக்காரர் விளையாட்டுக்கு வரவில்லை என்று காட்ட இது ஒன்று போதும். சென்னை ஐ.ஐ.டி. ஒருங்கிணைக்கும் இணையவழிக் கல்வித் திட்டமான என்.பி.டெல்லில் நிதிக் கணக்கியல் வகுப்புகளை இலவசமாகப் பார்க்கலாம், தேர்வெழுத மட்டும் சிறு கட்டணம். கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர்கள் தமிழக அரசின் நான் முதல்வன் திறன் பயிற்சித் திட்டத்தில் நிதித்துறைப் பயிற்சி இருக்கிறதா என்று தங்கள் கல்லூரியிலேயே கேளுங்கள்.

சி.எஃப்.ஏ. என்ற சர்வதேச முதலீட்டு ஆய்வாளர் தகுதி பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். மூன்று நிலை. ஒரு நிலைக்குக் கட்டணம் மட்டுமே ஏறக்குறைய ஒரு லட்சம் ரூபாய்க்கு வரும். சாசனம் (சார்ட்டர், இறுதித் தகுதி) கிடைக்க 4,000 மணி நேர வேலை அனுபவமும் வேண்டும். முதல் வேலை கிடைப்பதற்காக அதை எழுதுவது, கல்யாணம் நிச்சயமாகும் முன்பே மண்டபம் பிடிப்பது மாதிரி. உள்ளே போய் இரண்டு வருடம் ஆகட்டும், அலுவலகமே கட்டணம் கட்டினாலும் கட்டும். சி.ஏ. வேறு ரகம். காமர்ஸ் அல்லாத பட்டதாரிகள் 60 சதவீதம் வைத்திருந்தால் ஃபவுண்டேஷன் என்ற முதல் நிலைத் தேர்வை எழுதாமல் நேராக இன்டர்மீடியட்டுக்குப் பதிவு செய்யலாம், ஆடிட்டரிடம் பயிற்சி பெறும் ஆர்ட்டிகிள்ஷிப்பும் 2023-இல் வந்த புதிய முறையில் 3 வருடத்திலிருந்து 2 வருடமாகக் குறைந்திருக்கிறது. 22, 23 வயது, வீட்டில் சம்பளத்தை எதிர்பார்க்கவில்லை என்றால் தாராளமாக யோசிக்கலாம். முப்பதைத் தாண்டிக் குழந்தையும் இருப்பவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வங்கித் தேர்வு

எந்தப் பட்டமும் போதும் என்பதுதான் இதன் அழகு. அரசு வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் ஐ.பி.பி.எஸ். அமைப்பின் அதிகாரி தேர்வுக்கு வயது 20 முதல் 30, ஓ.பி.சி.க்கு 3 வருடமும் எஸ்.சி., எஸ்.டி.க்கு 5 வருடமும் தளர்வு. முதல்நிலை, முதன்மை, நேர்முகம். பயிற்சி பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, நான் எழுதவில்லை. எழுதுகிறவர்கள் ஒன்றை மறக்காதீர்கள்: மாநில அரசின் சாதிச் சான்றிதழ் மட்டும் போதாது, மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். நேர்முகத் தேர்வு அழைப்பு வந்த பிறகு இ-சேவை மையத்துக்கு ஓடியவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்று, இது தனியாருக்கும் பொருந்தும். உங்கள் சிபில் அறிக்கையை (நீங்கள் வாங்கிய கடன்களைக் கட்டிய வரலாறு) இப்போதே எடுத்துப் பாருங்கள். கடன் தவணையோ கிரெடிட் கார்டு பாக்கியோ கட்டாமல் விட்ட பதிவு இருந்தால் ஸ்டேட் வங்கி நியமனமே தராது. தனியார் நிறுவனங்களும் பார்க்கின்றன. செல்போன் வாங்கிய 2,000 ரூபாய்த் தவணை பாக்கி ஒன்று எங்கோ தூங்கிக்கொண்டிருக்கும். கட்டிவிட்டுப் பதிவு மாறியதா என்றும் பாருங்கள்.

விண்ணப்பம், ஆள் பிடிப்பது

ரெஸ்யூமேயில் முதல் மூன்று வரியில் உங்கள் பழைய வேலையைப் பணத்தின் மொழியில் எழுதுங்கள். 'உற்பத்தி மேற்பார்வை' என்று நான் எழுதியபோது யாரும் கூப்பிடவில்லை. 'மூன்று சி.என்.சி. லைனின் மெஷின் நேரச் செலவு, கழிவுச் செலவு அறிக்கையை மாதாமாதம் தயாரித்தேன்' என்று மாற்றிய பிறகு அழைப்பு வந்தது. இரண்டும் ஒரே வேலைதான்.

நௌக்ரி மாதிரி வேலைவாய்ப்புத் தளத்தில் நூறு விண்ணப்பம் போடுவதைவிட, அந்தத் துறையில் இருக்கும் ஐந்து பேரோடு பேசுவது மேல். கல்லூரி சீனியர், சித்தப்பா பையன், உங்கள் வீட்டுக்கு லோன் போட்ட வங்கி அதிகாரி, யாரானாலும் சரி. "வேலை இருக்கா?" என்று ஆரம்பிக்காதீர்கள். "அண்ணா, உங்க டீம்ல காலையில வந்ததும் முதல்ல என்ன பார்ப்பீங்க?" என்று கேளுங்கள். தன் வேலையைப் பற்றிப் பேச யாருக்குத்தான் பிடிக்காது! இரண்டு மூன்று முறை பேசிய பிறகு ரெஃபரல் (அவர்கள் நிறுவனத்தில் உங்கள் பெயரைப் பரிந்துரைப்பது) கேட்டால் மறுக்க மாட்டார்கள், ரெஃபரலுக்கு அவர்களுக்கும் பல இடங்களில் போனஸ் உண்டு. வேலைக்கு முன்பணம், டெபாசிட் என்று யாராவது கேட்டால் அது வேலையே அல்ல.

'ஏன் இந்தத் துறைக்கு வருகிறீர்கள்?' என்பதுதான் எல்லா இடத்திலும் முதல் கேள்வி. சின்ன வயதிலிருந்தே ஆசை என்றெல்லாம் சொன்னால் எடுபடாது. அந்த இரண்டு வரித் தாள் இருக்கிறதே, அதைச் சொல்லுங்கள்.

சம்பளம், முதல் வருடம்

மாறும்போது சம்பளம் குறையலாம். எனக்கு மாதம் ஆறாயிரம் குறைந்தது, இரண்டு வருடத்தில் பழைய இடத்தைத் தாண்டியது. அதனால் பழைய வேலையை விட்டுவிட்டுத் தேடாதீர்கள், ஆறு மாத வீட்டுச் செலவு கையில் இருந்தாலும்கூட. பின்னலுவலக வேலை என்றால் ஷிஃப்ட்டை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்க நேரம் என்றால் இரவு முழுக்க ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) அலுவலகத்தில்தான்.

கடன் நிறுவனத்தில் சேருகிறவர்கள் முதல் வருடம் ஃபீல்டையோ கலெக்‌ஷனையோ தட்டிக் கழிக்காதீர்கள். ஏ.சி. அறையில் உட்கார்ந்து ஃபைல் பார்க்கும் ஆசை எனக்கும் இருந்தது. ஆனால் தவணை கட்டாதவர் வீட்டு வாசலில் ஒரு முறை நின்று, அவர் ஏன் கட்டவில்லை என்று கேட்டவருக்குத்தான் அடுத்த ஃபைலில் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியும். என்னை முதல் முறை நிராகரித்த அந்த இரண்டு பேனாக்காரர், எட்டு மாதம் கழித்து அதே கேள்வியை மறுபடி கேட்டார். "21.2 சார். தவணை 3,778" என்றேன். "திங்கக்கிழமை திருவள்ளூர் பிராஞ்சுல ரிப்போர்ட் பண்ணுங்க, பைக் இருக்குல்ல?" என்றார்.

சேரும் நாளில் பழைய நிறுவனத்தின் ரிலீவிங் லெட்டர், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, படிவம் 16, பி.எஃப்.பின் யு.ஏ.என். எண் எல்லாம் கேட்பார்கள். ரிலீவிங் லெட்டர் வாங்காமல் சண்டை போட்டு வெளியே வந்திருந்தால், நேர்முகத் தேர்வுக்குப் போகும் முன்னாலேயே அந்த எச்.ஆரோடு சமாதானமாகிவிடுங்கள்.